சந்தையை விட்டு முதலில் போனது யார்?

எங்கள் ஊர் உழவர் சந்தை மூடிக் கிடக்கிறதே என்று யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. "சனங்க மாறிட்டாங்க." டீக்கடையில் இதைத்தான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதைத்தான் சொல்கிறார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவரும் இதையே சொல்கிறார். விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள், ஏசி போட்ட கடையில் கழுவித் துடைத்த கேரட் கிடைக்கிறது, செல்போனில் அமுக்கினால் காய் வாசலுக்கே வருகிறது, இனி உழவர் சந்தை எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர் முகத்தில் உண்மையான வருத்தமும் இருக்கிறது. வருத்தப்பட்டு முடித்ததும், இதற்கு யாரும் பொறுப்பில்லை, காலம் செய்த வேலை என்று சொல்லிக் கை கழுவ எழுந்துவிடுகிறார்கள்.

எனக்கு இது சம்மதமில்லை. அந்தச் சந்தைக்குப் பதினெட்டு வருடம் வாடிக்கையாகப் போனவன் நான். அது கொஞ்சம் கொஞ்சமாக நலிந்ததைக் கண்ணால் பார்த்தவன். வாங்குபவர் வராமல் அது சாகவில்லை, விற்பவர் வர முடியாமல் செத்தது. முதலில் போனவர் விவசாயி. அவர் போய் வெகுநாள் கழித்துத்தான், வேறு வழியில்லாமல் வாங்குபவரும் போனார். இந்த வரிசையை மாற்றிச் சொல்லும்போதுதான் காலம் குற்றவாளியாகிறது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள்.

சந்தை எதற்காக வந்தது என்பதே இன்று பலருக்கு மறந்துவிட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' இருந்தது. ஆந்திராவில் அதே 1999-ன் தொடக்கத்தில் 'ரைத்து பஜார்' வந்திருந்தது. இங்கே வந்ததும் அதே யோசனைதான்: விளைவித்தவரே வந்து விற்கட்டும், நடுவில் ஆள் வேண்டாம். அரசு காய்கறி வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கூரை போட்ட இடம், தராசு, விலைப் பலகை, விவசாயிதான் என்று சான்று சொல்லும் படம் ஒட்டிய அட்டை, அரசுப் பேருந்தில் காய்கறி மூட்டைக்குச் சுமைக் கட்டணம் கிடையாது என்ற சலுகை, இவ்வளவுதான் அரசு கொடுத்தது. கடைக்கு வாடகை இல்லை.

விலை வைக்கும் முறையும் எளிமையானதுதான். விடியலில் சந்தை அலுவலர்கள் மொத்த விற்பனை விலையையும் வெளிச் சில்லறை விலையையும் விசாரிப்பார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி ஒரு விலையைப் பலகையில் எழுதுவார்கள். மண்டியில் கத்திரிக்காய் கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தைப் பலகையில் 24, 25 என்று இருக்கும். விவசாயிக்கு நாலைந்து ரூபாய் கூட, வாங்குபவருக்கு ஐந்தாறு ரூபாய் மிச்சம். அந்த 20 ரூபாயும் மண்டியில் முழுசாகக் கைக்கு வராது. நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக் கூலி, மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு எல்லாம் போய்த்தான் வரும். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வு, வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா, வெங்காய விவசாயிக்கு 36 பைசா, உருளைக்கிழங்கு விவசாயிக்கு 37 பைசா என்று கணக்கிட்டது. மீதி வழியிலேயே தங்கிவிடுகிறது. சந்தை ஏன் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் நியாயம் தேவையா?

இப்போது "சனங்க மாறிட்டாங்க" என்ற வாதத்துக்கு வருகிறேன். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அது நிற்காது. உழவர் சந்தைகள் முதன்முதலில் நொடித்தது 2001-ல் ஆட்சி மாறிய பிறகு. பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின, சில மூடப்பட்டன. அந்த நேரத்தில் தாலுகா தலைநகரங்களில் எந்த சூப்பர் மார்க்கெட் காய்கறி விற்றது? சென்னையில் ஃபுட்வேர்ல்ட் 1996 முதல் இருந்தது, உண்மை. ஆனால் ரிலையன்ஸ் ஃப்ரெஷ் தன் முதல் கடையை ஐதராபாத்தில் திறந்ததே 2006-ல். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறோம் என்ற பேச்செல்லாம் 2021 வாக்கில்தான் பெருநகரங்களில் காதில் விழுந்தது. எங்கள் ஊருக்கு அந்த வண்டி இன்னும் வரவில்லை. வராத வண்டி எங்கள் சந்தையை எப்படி மூடியிருக்க முடியும்?

2006-ல் ஆட்சி மாறியதும் மூடிய சந்தைகளைத் திரும்பத் திறந்தார்கள், புதிதாகவும் கட்டினார்கள், எண்ணிக்கை 180-ஐ ஒட்டி வந்தது. திறந்த கதவு வழியாக மக்கள் உள்ளே போனார்கள். எங்கள் ஊரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குப் போனால் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது. மக்கள் மாறித்தான் சந்தை செத்தது என்றால் ஐந்து வருடத்தில் அதே மக்கள் எப்படித் திரும்பி மாறினார்கள்? இதை ஒரு கட்சியின் திட்டம், அதனால்தான் இன்னொரு கட்சி வந்ததும் போனது என்று சிலர் சொல்வார்கள். திட்டம் தொடங்கியது ஒரு கட்சியாக இருக்கலாம். ஆனால் கத்திரிக்காய் வாங்க வந்தவர்கள் எல்லாக் கட்சிக்காரர்களும்தான். கட்சிக்காகத் திறப்பதும் கட்சிக்காகக் கைவிடுவதும் மேலே நடந்தவை. பழி மட்டும் ஏன் பை தூக்கி வந்தவர் மேல் விழ வேண்டும்?

இதைவிடப் பெரிய சாட்சி திருப்பூர். பனியன் கம்பெனிகளின் ஊர், நேரத்துக்குக் காசு பேசும் ஊர். பெரிய பெரிய கடைகள் உண்டு, செயலிகளும் உண்டு. அங்கே தெற்கு உழவர் சந்தைக்கு விடியலில் போய்ப் பாருங்கள். சேலத்தில் அம்மாப்பேட்டை, சூரமங்கலம், தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று மாநகருக்குள்ளேயே சந்தைகள் இருக்கின்றன, ஆடி பதினெட்டுக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ளே நகர முடியாது. ஓசூர், ஈரோடு சம்பத் நகர், கோவை சிங்காநல்லூர் எல்லாம் இன்றும் நடக்கின்றன. எந்த ஊரில் செயலியும் சூப்பர் மார்க்கெட்டும் அதிகமோ அங்கே சந்தை உயிரோடு இருக்கிறது. அவை எட்டிப்பார்க்காத சின்ன ஊர்களில் சந்தை படுத்துவிட்டது. நண்பர்கள் சொல்லும் காரணம் சரியென்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

அப்படியானால் எங்கள் ஊரில் என்ன நடந்தது? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வாசலுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் மூன்றாவது மேடையில் ஒரு அம்மா உட்காருவார். வயது அறுபது இருக்கும். பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம், கிணற்றுப் பாசனத்தில் முக்கால் ஏக்கர். பாதியில் கீரை, வரப்போரம் செடி அவரை, வேலி நெடுக பிரண்டையும் சுண்டையும். ஈரச் சாக்கில் சுற்றிய அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளிக் கட்டுகள், ஒரு கூடை பொரியல் தட்டை, பருவத்துக்கு ஒன்றிரண்டு அரசாணிக்காய், இவைதான் அவர் சரக்கு. கீரையை முந்தின நாள் சாயங்காலம் பறித்து, மண் போக அலசி, வாழை நாரில் கட்டி, இரவெல்லாம் திண்ணையில் ஈரத்துணி போட்டு வைத்திருப்பார். ஒன்பது மணி வெயில் ஏறினால் இலை துவண்டுவிடும். ஆகவே அவருடைய வியாபாரம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் நின்றது: காலை நாலரை மணிக்கு அவர் ஊரில் இருந்து புறப்படும் முதல் பஸ்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. சந்தையைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். கோவையில், மற்ற பல ஊர்களில் செய்தது போலத்தான். தப்பில்லை, நெருக்கடி காலம். பஸ்ஸெல்லாம் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் அந்த நாலரை மணி வண்டி மட்டும் வரவில்லை. கூட்டமில்லாத நடை என்று எடுத்துவிட்டார்களாம். முதல் வண்டி ஐந்தே முக்காலுக்கு. அது ஊர் வந்து சேரும்போது ஆறே கால் தாண்டிவிடும், அதிலும் மில்லுக்குப் போகிற பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மூட்டையோடு ஏறினால் கண்டக்டர் சத்தம் போடுவார்.

"கூடையப் பாத்தாலே நிறுத்தாம போயிடறானுங்க கண்ணு," என்று ஒருநாள் சொன்னார். "மூணு பேரு சேந்து ஆட்டோ புடிச்சுப் பாத்தோம். போக வர நானூறு. கீரை வித்து ஆட்டோவுக்குக் குடுத்தா எனக்கென்ன மிஞ்சுது?"

2021-ல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம், எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை மாற்றியது. ஆனால் கீரைக்கார அம்மாவுக்கு வேண்டியிருந்தது டிக்கெட் சலுகைக்கு முன்னால் ஒரு வண்டி, அதுவும் அந்த நாலரை மணிக்கு. காய்கறி மூட்டைக்குக் கட்டணமில்லை என்ற பழைய சலுகையை யாரும் ரத்து செய்யவில்லை. வண்டிதான் இல்லை. காகிதத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது.

அவர் வாரத்தில் ஆறு நாள் வந்தவர் மூன்று நாளானார், பிறகு ஞாயிறு மட்டும், பிறகு அதுவும் இல்லை. அவரைப் போல அந்தத் தடத்தில் வந்த இருபது பேராவது ஒரே வருடத்தில் நின்றார்கள். அந்த இருபது பேரும் சின்னக் காட்டுக்காரர்கள். அவர்களோடு சேர்ந்து கீரை போனது, பச்சை மொச்சை போனது, சுண்டைக்காய் போனது, மண்டியில் எடை போட்டு வாங்காத சில்லறைக் காய்கள் அத்தனையும் போயின. ஜனங்கள் சந்தையைத் தேடி வந்ததே அவற்றுக்காகத்தான். தக்காளியும் பெரிய வெங்காயமும் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும்.

காலியான மேடை காலியாகவே இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. உழவர் அட்டை வாங்க சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை நகல், புகைப்படம் எல்லாம் வேண்டும். அலுவலர் தோட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். எந்த ஊர், எவ்வளவு நிலம், என்ன பயிர் என்று சரிபார்க்க வேண்டும். தொடக்கத்தில் பார்த்தார்கள். பிறகு ஆள் குறைந்தது, பார்ப்பது நின்றது. பட்டா ஒருவர் பெயரில், குத்தகைக்கு உழுபவர் இன்னொருவர். உழுபவருக்கு அட்டை கிடைக்காது, பட்டாக்காரர் பெயரில் வாங்கிய அட்டையோ மூன்றாவது ஆளான வியாபாரியின் சட்டைப் பையில் இருக்கும். கடைசி இரண்டு வருடத்தில் ஒரு மேடையில் நான் எண்ணிப் பார்த்தேன்: தக்காளி, வெண்டை, கத்திரி, முருங்கை, மாங்காய், எலுமிச்சை, தேங்காய், இஞ்சி, பெரிய வெங்காயம் என்று பதினான்கு வகை. ஒரு ஏக்கர் காட்டில் ஒரே பருவத்தில் இத்தனையும் விளையுமா? மண்டியில் எடுத்து வந்து உழவர் சந்தை மேடையில், வாடகை இல்லாமல், அரசுத் தராசில் விற்றார்கள். பார்த்த அலுவலருக்கும் தெரியும். வாங்கிய எனக்கும் தெரியும். ஒரு முறை கேட்டேன், மறு முறை கேட்கவில்லை. இந்தக் கணக்கில் என் பங்கும் உண்டு.

உள்ளே இப்படியென்றால் வெளியே, மதில் சுவரை ஒட்டியே, தள்ளுவண்டியும் சரக்கு ஆட்டோவும் வரிசையாக நின்றன. பலகை விலையைவிட இரண்டு ரூபாய் குறைத்துக் கூவுவார்கள். மண்டியில் முந்தின நாள் மிஞ்சியதை டிப்பர் டிப்பராக அள்ளி வந்தவர்களுக்கு அது கட்டும். அன்று பறித்து வந்தவருக்குக் கட்டாது. வண்டிக்காரர்கள் மேல் எனக்குப் பகையில்லை. அவர்களுக்கும் பிழைப்பு, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அவர்களுக்கு நகராட்சி வேறு தெருவில் இடம் கொடுத்திருக்கலாம். சந்தை வாசலில் நிற்க விட்டதுதான் தவறு. திருப்பூரில் இதே பிரச்சினைக்காகத் தெற்குச் சந்தை விவசாயிகள் திரும்பத் திரும்பப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டம் பெரியது, குரல் எடுபடுகிறது. எங்கள் ஊரில் மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் யாரிடம் போய் நிற்பார்கள்?

விவசாயிக்கு விற்கத் தெரியாது, அவர் விளைவிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று படித்தவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. கீரைக்கார அம்மாவுக்குத் தன் வாடிக்கையாளர்களில் யார் வீட்டில் சர்க்கரை நோய், யார் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரியும். வாய்ப்புண் என்று சொன்னால் மணத்தக்காளியை எடுத்து வைப்பார். வாங்கிய கட்டோடு நாலு கறிவேப்பிலை இணுக்கைச் சேர்த்துப் போடுவார். மீதிச் சில்லறை இல்லையென்றால் "நாளைக்குக் குடு கண்ணு" என்பார், மறுநாள் ஞாபகமாகக் கேட்டும் வாங்குவார். விற்கத் தெரிவது என்றால் இதற்கு மேல் வேறென்ன? அவருக்குத் தெரியாதது ஒன்றுதான், பஸ் விடத் தெரியாது.

சந்தை நடந்த முறையிலும் குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். பலகையில் ஒரு காய்க்கு ஒரே விலைதான். பிஞ்சாகப் பார்த்துப் பறித்த வெண்டைக்கும் முற்றலுக்கும் ஒரே விலை வைத்தால் பொறுக்கி எடுத்து வந்தவர் நஷ்டப்படுவார். விலை ஆறரை மணிக்கு மேல் எழுதப்படும் நாட்களும் இருந்தன, அதற்குள் நல்ல வியாபாரம் பாதி முடிந்திருக்கும். குடிநீர்க் குழாய் வேலை செய்யாது, கழிப்பறைக்குப் பூட்டு. விடியலில் வந்து மதியம் வரை உட்காரும் பெண்கள் எங்கே போவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் காலத்தின் போக்கால் வந்ததில்லை. ஒரு நல்ல அலுவலர், ஒரு பிளம்பர், ஒரு சாவி போதும்.

இப்படி நான் பேசினால், அரசு சும்மாவா இருந்தது என்று கேட்கிறார்கள். சந்தைகளைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கினார்கள், மாலை நேரச் சந்தை அறிவித்தார்கள், எல்லாம் சரி. எங்கள் ஊருக்கும் பணம் வந்தது. மதிலுக்கு வண்ணம் பூசினார்கள், தரையில் டைல்ஸ் பதித்தார்கள், வாசலில் பெயர்ப் பலகையைப் பெரிதாக்கினார்கள். அதற்குள் உட்கார ஆள் வருவதற்கான வழியை மட்டும் எவரும் போட்டுக் கொடுக்கவில்லை. வண்ணம் பூசி ஏழு மாதத்தில் கதவைச் சாத்தினார்கள். காரணம் கேட்டபோது கிடைத்த பதில், "பொதுமக்கள் வரத்து குறைவு."

வரத்து குறைவு என்பது உண்மைதான். கடைசி வருடம் நானே வாரம் ஒருமுறைதான் போனேன். மண்டிக் காயை வாங்க அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், தெருவிலேயே கிடைக்கிறதே என்று என் வீட்டில் கேட்டார்கள், எனக்குப் பதில் இல்லை. எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான் நின்றார்கள். நாங்கள் நின்ற பிறகு எடுத்த கணக்கைக் காட்டி, நாங்கள் வராததால்தான் மூடினோம் என்கிறார்கள். நாங்கள் எதற்காக வந்துகொண்டிருந்தோமோ அது அங்கிருந்து போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் வேப்ப மரத்தடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பேரன் புதிதாக பைக் வாங்கியிருக்கிறான், ஞாயிறு அவனுக்கு லீவு, பின்னால் கூடையைக் கட்டி அழைத்து வருகிறானாம். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். தராசு இல்லை, பலகை இல்லை, மேலே கூரை இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. எனக்கு முன்னால் பதினாறு பேர் பையோடு நின்றிருந்தார்கள். எல்லாம் பழைய சந்தை முகங்கள். எப்படித் தெரிந்தது என்று பக்கத்தில் நின்ற ஓய்வு பெற்ற வாத்தியாரைக் கேட்டேன். மூன்று வாரமாகவே இங்கேதான் வருகிறார், ஆள் ஆளுக்குச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

கொண்டு வந்தது நாற்பது கட்டு. ஏழு மணிக்கு முன்பே சாக்கில் தண்ணீர்தான் மிச்சம். எனக்குப் பின்னால் வந்த ஐந்தாறு பேர் வெறும் பையோடு நின்றார்கள். அதில் ஒரு பெண் கேட்டாள், "அடுத்த வாரம் வருவீங்களாம்மா?"

"அவனுக்கு ஓவர்டைம் இல்லீனா வருவேன் கண்ணு," என்றார்.